ஒழுகாத பேட்டரி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து பல நாள் ஆகிறது. பதில் எழுத உடம்புக்கு ஒன்றும் தடையில்லை, கைதான் வரவில்லை. இன்று உன் அப்பா ரேஷன் கடைக்குப் போயிருக்கிறார். வரிசை நீளமாக இருக்கும், வருவதற்கு மத்தியானம் ஆகும். அதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீ முதலில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நான் ஓசூருக்கு வரவில்லை. "நீ மட்டும் கிளம்பி வந்துடும்மா, நான் வந்து இட்டுக்கினு வர்றேன், அவரு எப்படியோ இருந்துக்கட்டும்" என்று பேசுகிற மாதிரியே எழுதியிருந்தாய். அப்பா என்று எழுதவேண்டிய இடத்தில் ஒன்றரை வருஷமாக 'அவரு' என்றுதான் எழுதிவருகிறாய். அதற்காக நான் கோபித்துக்கொண்டு வராமல் இருப்பதாக நினைத்துக்கொள்ளாதே. உன் வீட்டில் எனக்குக் குறை வைக்கமாட்டாய், அது தெரியும். ஏன் வரவில்லை என்பதை ஒரு வரியில் சொல்ல என்னால் முடியவில்லை. முழுவதும் படி.

அடுத்தது, வண்டி. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கியிருப்பதாகவும், பேட்டரிப் பெட்டிக்கு அடியில் எப்போதும் ஈரமாக இருப்பதாகவும், துடைத்தால் மறுநாள் மறுபடி ஈரமாவதாகவும் எழுதியிருந்தாய். புதுசு மாற்றச் சொல்கிறார்கள், எது ஒழுகாது என்று திண்டிவனத்தில் மெக்கானிக் யாரையாவது விசாரித்து எழுது என்றாய். அந்த இடம் வந்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அப்புறம் சாயங்காலம்தான் எடுத்து மீதியைப் படித்தேன். உனக்குத் தெரியாமல் கேட்டிருக்கிறாய். என் காலைக் கொண்டுபோனது ஆசிட் என்பதுதான் உனக்குத் தெரியும். அது எப்படி வந்தது, எங்கிருந்து சொட்டியது என்று யாரும் உனக்கு உட்கார்ந்து சொல்லவில்லை. தந்தி கிடைத்து நீ வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நீ முடிவை மட்டும் பார்த்தவன்.

சொல்வதற்கு முன்னால் இன்றைக்கே நீ செய்யவேண்டியது ஒன்று உண்டு. பேட்டரி மாற்றுகிறவரை பின்னால் யாரையும் உட்காரவைக்காதே. அந்த ஈரத்தைக் கையால் தொடாதே. ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து அந்த இடம் முழுவதும் ஊற்று. பொங்கும். பொங்குவது நிற்கிறவரை ஊற்று. துடைத்த துணியைத் துவைக்கிற துணியோடு போடாமல் தூக்கி எறிந்துவிடு.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நீ படிப்பை முடித்து ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அது. எனக்கு விக்கிரவாண்டிக்கு இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்தது. அப்பாவுக்கு விழுப்புரம் கால்நடை ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கெடார், முகையூர் பக்கம் மாடு பார்க்கப் போகிற வேலை. காலையில் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுப் போவார். சாயங்காலம் நான் பஸ்ஸில் வந்துவிடுவேன். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவளுக்கு அது பெரிய சுகமாகத்தான் இருந்தது. இந்த மனிதரோடு இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியதில் தினமும் அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் பேசியது அந்த ரோட்டில்தான். எந்த ஊரில் எந்தப் பசு கன்று போட்டது, எங்கே கோமாரி வந்திருக்கிறது என்றெல்லாம் காற்றில் கத்திக்கொண்டு வருவார். பாதி காதில் விழாது. நானும் ம் கொட்டிக்கொண்டு வருவேன்.

அந்த வண்டியில் இருந்தது கறுப்புப் பெட்டி பேட்டரி. மேலே தார் ஊற்றி மூடியது. வெயிலில் தார் இளகி, பிறகு வெடித்து, ஓரத்தில் கசிய ஆரம்பித்திருந்தது. போதாததற்கு ஆவி போகிற ரப்பர் குழாய் காய்ந்து பாதியில் முறிந்துபோயிற்று. ஆசிட் வண்டியின் சேஸ் சட்டத்தில் சொட்டி, பெயின்ட் உரிந்து, செயினில் வெள்ளையாகப் பூத்துவிட்டது. அப்பா அதைப் பார்த்தார். பார்க்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். "பொங்கல் வரைக்கும் ஓட்டிட்டு மாத்திக்கலாம்" என்றார். மாற்றுகிறவரை செயின் கெடக்கூடாது என்று புது ரப்பர் குழாய் வாங்கி, பழையதைவிட நீளமாக விட்டு, கம்பி போட்டுக் கட்டினார். சொட்டுவது செயின்மேல் விழாமல் வெளியே விழுந்தது. அந்தக் குழாயின் வாய், நான் கால் வைக்கிற கட்டைக்கு நேர் மேலே வந்து நின்றது.

இதை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன், தம்பி. குனிந்து கட்டும்போது அவருக்கு அது தெரிந்திருக்காது. நான் உட்காரும்போதுதான் அங்கே கால் இருக்கும். நான் உட்காரும்போது அவர் முன்னால் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கு எரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். எனக்கு எரியவில்லை. சர்க்கரை வந்து பல வருஷம் ஆன கால். செருப்பு கழன்று விழுந்தால்கூடக் கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் தெரியும். எல்லாருக்கும் வயசானால் இப்படித்தான் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். புடவைக் கரையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்தது. துவைத்துப் பிழிந்தால் அந்த இடம் கிழிந்து கையோடு வந்தது. கரப்பான் அரித்திருக்கிறது என்று பீரோவில் ரசகற்பூரம் வாங்கிப் போட்டேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் முகையூர்க்காரி ஒருத்தி இருந்தாள், மேரி டீச்சர். ஒருநாள் பிரேயர் முடிந்து வகுப்புக்குப் போகும்போது பின்னாலிருந்து கூப்பிட்டாள். "டீச்சர், நில்லுங்க. நீங்க நடந்த எடமெல்லாம் ஈரமா இருக்குது பாருங்க." திரும்பிப் பார்த்தேன். சிமெண்ட் தரையில் என் இடது கால் மட்டும் தடம் போட்டிருந்தது. அவள் என்னை பெஞ்சில் உட்காரவைத்துச் செருப்பைக் கழற்றினாள். வாருக்கு அடியில் தோல் இல்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு, "வலிக்கலியா டீச்சர் உங்களுக்கு" என்று கேட்டாள். எனக்கு வலிக்கவில்லை. வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். ஆறுகிற மாதிரி இருந்து உள்ளே புரையோடியது. விரல் கறுத்தது. அப்பா டாக்சி வைத்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, ஊசியால் குத்துகிறேன், தெரிந்தால் சொல்லுங்கள் என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். ரொம்ப நேரம் ஆனதும், "எப்ப சார் குத்துவீங்க" என்று கேட்டேன். கண்ணைத் திறந்தால் ஊசி என் பாதத்தில் நின்றுகொண்டிருந்தது. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். முதலில் விரல்களை எடுத்தார்கள். அது போதவில்லை. பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

நீ வந்தது அதற்கு மறுநாள். வார்டில் அத்தனை பேர் இருந்தார்கள். நீ என் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாய். அதுவரை நீங்க என்று பேசியவன் அன்று நீ என்று பேசினாய். "ஊர்ல இருக்கற மாட்டுக் காலையெல்லாம் தூக்கித் தூக்கிப் பாக்கறே. எங்கம்மா காலை ஒருநாளு பாத்தியா" என்றாய். பக்கத்துக் கட்டில்காரியின் மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்பா கையில் இருந்த பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கப் போனார். போனவர் நீ கிளம்பிப் போன பிறகுதான் திரும்பி வந்தார். பிளாஸ்க் காலியாகவே இருந்தது.

நீ சொன்னது தப்பு என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எனக்கும் ஆத்திரம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. காலையில் எழுந்து ஒற்றைக் காலில் நின்று கக்கத்துக் கட்டையை ஊன்றும்போதெல்லாம் இருக்கிறது. அதை நான் அவரிடம் காட்டியதில்லை என்றும் சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், அவர் கொண்டுவந்து வைத்த காப்பியைத் தொடாமல் ஆறவிட்டிருக்கிறேன். அவர் அதை எடுத்துக்கொண்டுபோய்ச் சூடுபண்ணி மறுபடி கொண்டுவந்து வைப்பார்.

வேலையைப் பாதியில் விட்டுவிட்டார். வருஷம் இருந்தும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். "இனிமே எந்த மாட்டையும் தொட மனசு வரல" என்று மட்டும் சொன்னார். சமையல் கற்றுக்கொண்டார். வண்டி தோட்டத்துப் பக்கம் கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. வித்துவிடலாமே என்று நான்தான் ஆரம்பித்தேன். "வித்தா வாங்கறவன் பொண்டாட்டி பின்னாடி உக்காருவா இல்ல" என்றார். சரி, நல்ல பேட்டரி ஒன்றைப் போட்டு வித்துடுங்க என்றேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு கிளம்பினவர்தான்.

திண்டிவனத்தில் இருக்கிற கடை ஒன்று பாக்கியில்லை. போவார், பார்ப்பார், வெறுங்கையோடு வருவார். நான் பார்த்தது விழுப்புரத்துக் கடை. கட்டைக்கால் அளவு கொடுக்க (அது இன்னும் வந்தபாடில்லை) என்னை விழுப்புரத்துக்கு அழைத்துப் போனபோது, வருகிற வழியில் ஸ்டேஷன் பக்கம் ஒரு பேட்டரிக் கடையில் ஏறினார். கறுப்புப் பெட்டி எதையும் கையால்கூடத் தொடவில்லை. வெள்ளைப் பிளாஸ்டிக்கில், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரிகிற மாதிரி, மேலும் கீழும் கோடு போட்டது வருகிறதே, அதைக் கேட்டார். மூடியைத் தார் ஊற்றி ஒட்டாமல், சூட்டில் பெட்டியோடு சேர்த்து ஒட்டியிருக்கவேண்டும் என்றார். பழைய பெட்டியின் நீளம், அகலம், உயரத்துக்கு ஒரு குச்சியை உடைத்துக் கொண்டுவந்திருந்தார். குச்சியை வைத்து அளந்தார். பெரிதாக இருந்தால் பட்டையை இறுக்கும்போது பெட்டி விரிசல் விடுமாம். சிறிதாக இருந்தால் ஆடி ஆடி அடி தேயுமாம். பிறகு பையிலிருந்து ஒரு துண்டு சோப்பையும் ரப்பர் குழாயையும் எடுத்தார்.

கடைக்காரருக்கு அப்போதே முகம் மாறிவிட்டது. அப்பா, ஆசிட் ஊற்றாத காய்ந்த பேட்டரியின் மூடிகளை இறுக்கிவிட்டு, சோப்பு நுரையை விளிம்பில் சுற்றிலும் தடவி, ஆவி போகிற துவாரத்தில் குழாயைச் செருகி மெதுவாக ஊதினார். பஞ்சர் பார்க்கிற மாதிரி. ஒரு மூலையில் குமிழி வந்தது. துடைத்து அப்படியே திருப்பி வைத்தார். "வேற குடுங்க."

"சார், பேட்டரின்னா கொஞ்சம் கசியத்தான் கசியும். ஆசிட்டே இல்லாத பேட்டரி வேணும்னா டார்ச் லைட்டு வாங்கிக்கினு போங்க. ஜல்தியா சொல்லுங்க, யேவாரம் பாக்கணும்" என்றார் கடைக்காரர்.

"வேற குடுங்க" என்றார் அப்பா மறுபடியும்.

"இன்னா சார் இது பேஜாரா இருக்குது" என்று சொல்லிக்கொண்டே அந்த மனிதர் என் பக்கம் திரும்பினார், நானாவது சொல்லி அழைத்துப் போவேன் என்று. அப்போதுதான் தூணில் சாய்த்து வைத்திருந்த கட்டையையும், புடவைக்குக் கீழே ஒற்றைச் செருப்பையும் பார்த்தார். அப்பாவின் கையில் இருந்த சோப்பையும் பார்த்தார். உள்ளே போய் எனக்கு ஸ்டூல் எடுத்துவந்து போட்டார். இருந்த பெட்டிகளை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவந்து மேஜைமேல் அடுக்கினார். அப்பா ஒவ்வொன்றையும் ஊதினார். குமிழியே வராத ஒன்று கிடைத்தது. அதை மறுபடியும் ஊதினார். வெயில் இறங்குகிறவரை அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தோம். வந்த ஆட்கள் எல்லாம் என்ன ஏது என்று நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, எழுந்து ஓடிவிடலாம் போலவும் இருந்தது. அதற்கும் கால் இல்லை.

மாட்டும்போது நான் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். உனக்கு அதை அப்படியே எழுதுகிறேன், நீயும் அப்படியே செய். பழையதைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ் வயரைக் கழற்றினார். பெட்டி உட்காருகிற இரும்புத் தட்டில் ஆப்ப சோடாத் தண்ணீரை ஊற்றி, துரு போகத் தேய்த்து, பெயின்ட் அடித்து வெயிலில் காயவிட்டார். சைக்கிள் டியூபை வெட்டி அடியில் மெத்தை மாதிரி விரித்தார். ஆசிட்டை மேல்கோடு தாண்டாமல் ஊற்றி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, சார்ஜ் போடுகிற இடத்தில் கொடுத்து, அவசரப்படுத்தாமல் மெதுவாக ஏற்றச் சொன்னார். மூடிகளைத் திறந்து பார்த்து, குறைந்திருந்த அறையில் மட்டும் கொஞ்சம் ஊற்றி மட்டம் பண்ணினார். பிறகு குறைந்தால் பேட்டரிக்கென்று விற்கிற சுத்தத் தண்ணீர்தான், ஆசிட் கூடாது. பட்டையை அசையாத அளவுக்கு மட்டும் இறுக்கினார். பாசிட்டிவை முதலில் மாட்டி, நெகட்டிவைக் கடைசியில் மாட்டி, இரண்டு முனையிலும் வாசலின் தடவினார். எஞ்சினை வேகமாக ஓடவிட்டு, சார்ஜ் அளவுக்கு மேல் ஏறுகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லி ஒரு ஆளை அழைத்துவந்தார். அது அதிகமாக ஏறினால் எவ்வளவு நல்ல பேட்டரியும் கொதித்து வழியும்.

குழாயைக் கடைசிக்கு வைத்திருந்தார். அதை மடங்காமல், நசுங்காமல் விடவேண்டும். அடைத்துக்கொண்டால் ஆவி போக வழியில்லாமல் மூடியைப் பிளந்துவிடும். இந்தத் தடவை வலது பக்கம் திருப்பி, சேஸுக்குப் பின்னால் கொண்டுபோய், பின்சக்கரத்துக்கும் செயினுக்கும் தள்ளி, தரையைப் பார்க்க விட்டார். கட்டிவிட்டு, என்னுடைய பழைய இடது கால் செருப்பை எடுத்துவந்து கால் வைக்கிற கட்டைமேல் வைத்தார். குழாயின் வாயில் தண்ணீர் ஊற்றி, எங்கே விழுகிறது என்று பார்த்தார். தூர விழுந்தது. செருப்பில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. மறுபடி ஊற்றினார். மறுபடி பார்த்தார். "போதுங்க, எழுந்திரிங்க" என்றேன். அவர் இன்னொரு சொம்பு தண்ணீர் மொண்டார்.

பேட்டரி நல்ல பேட்டரிதான். இன்றுவரை ஒரு சொட்டு கசியவில்லை. ஆனால் வண்டியை விற்கவில்லை. தினமும் விடிந்ததும் வண்டிக்கு அடியில் வெள்ளைக் காகிதம் விரிப்பார். மறுநாள் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு உள்ளே வந்து என் வலது காலைத் தூக்கி, விரல் இடுக்கிலிருந்து குதிகால் வரை விரலால் தடவித் தடவிப் பார்ப்பார். இந்தக் காலிலும் எனக்கு உணர்ச்சி கம்மிதான். அவர் தொடுவது எனக்குத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு அவர் பார்ப்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த மனிதரை விட்டுவிட்டு நான் ஓசூர் வந்தால் காலையில் எழுந்து அவர் எதைப் பார்ப்பார்? இதைப் பாசம் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவரை மன்னித்துவிட்டேன் என்றும் எழுதமுடியவில்லை. போகமுடியவில்லை, அவ்வளவுதான்.

இப்படியே போனால் அவருக்குச் சித்தம் கலங்கிவிடும் என்று பயந்துதான் போன வெள்ளிக்கிழமை நான் அதைச் செய்தேன். "திருவக்கரைக் கோயிலுக்குப் போய்ட்டு வரலாம், வண்டியில இட்டுக்கினு போங்க" என்றேன். ஒரு தடவை ஏறி, ஒன்றும் ஆகாமல் போய்த் திரும்பினால், அவர் மனசு கொஞ்சம் அடங்கும் என்று கணக்குப் போட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வண்டியைத் துடைத்தார். முக்காலி போட்டு என்னைத் தூக்கி உட்காரவைத்தார். கட்டையை வண்டியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார். தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். மேட்டுத் தெரு முனை தாண்டுகிறவரை எனக்குக்கூடக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

ஊர் எல்லை தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டினார். இறங்கி வந்து என் காலைத் தூக்கிப் பார்த்தார். விரலால் தடவி, விரலை மோந்து பார்த்தார். ஒன்றும் இல்லைங்க, போங்க என்றேன். ஏறினார். ஒரு பாலம்கூடத் தாண்டவில்லை, மறுபடி நிறுத்தினார். மயிலம் போகிற ரோட்டில் இப்படியே நின்று நின்று போனோம். ஒவ்வொரு தடவையும் இறங்கும்போது அவர் முகத்தில் வியர்வை கூடிக்கொண்டே வந்தது. கடைசியாக நிறுத்தியது ஒரு மல்லாட்டைக் கொல்லை ஓரத்தில். கடலைச் செடிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்த பெண்பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி தண்ணீர்க் குடத்தோடு ரோட்டுக்கு வந்தாள்.

"இன்னா சார், அம்மாவுக்கு இன்னா ஆச்சு? தண்ணி குடிக்கிறீங்களா?"

"குடுங்க" என்று வாங்கினார். வாங்கி, குடத்துத் தண்ணீர் முழுவதையும் என் காலில் ஊற்றிக் கழுவினார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. காலிக் குடத்தை வாங்கிக்கொண்டு அவள் திரும்பிப் போனாள்.

அப்பா ரோட்டோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் வண்டிமேல் உட்கார்ந்திருந்தேன், இறங்க முடியாது எனக்கு. லாரி ஒன்று போய்ப் புழுதி அடங்கிய பிறகு, தலையைத் தூக்காமலேயே சொன்னார்.

"அன்னிக்கி அவன் சொன்னது சரிதான்."

ஒன்றரை வருஷத்தில் அதைப்பற்றி அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. இல்லைங்க, அப்படியெல்லாம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும் நான். அதைக் கேட்கத்தான் அவர் சொன்னாரோ என்னமோ. எனக்கு வாய் வரவில்லை, தம்பி. காரணம் உனக்கு மட்டும் சொல்கிறேன், அவரிடம் எந்தக் காலத்திலும் சொல்லாதே. இல்லாமல் போன அந்த இடது கால் எனக்கு எரிகிறது. இருந்தபோது ஊசி குத்தியும் தெரியாத கால், இப்போது செருப்பு வார் இருந்த இடம் வரைக்கும் தெரிகிற மாதிரி எரிகிறது. டாக்டரிடம் சொன்னேன், சிலருக்கு அப்படி இருக்கும் என்றார். அன்று அந்தக் கொல்லை ஓரத்தில் அது நெருப்பாக எரிந்துகொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, "இன்னா, எரியுதா" என்று கேட்டார். இல்லை என்றேன். என்னால் சொல்லமுடிந்த ஒரே 'இல்லை' அதுதான்.

அவர் உன் தீர்ப்பை ஒப்புக்கொண்டுவிட்டார். அதை உன்னிடம் சேர்ப்பிக்க வேண்டியது என் பொறுப்பு என்று தோன்றியது, சேர்த்துவிட்டேன். அதை வைத்துக்கொண்டு நீ என்ன செய்யப்போகிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. வா என்று எழுதவும் எனக்குத் தெம்பில்லை. நீ வந்து காலில் விழுந்தாலும் இனி அவருக்கு அது பயன்படாது, வராமல் இருந்தாலும் அவர் ஏன் என்று கேட்கப்போவதில்லை. வருவதாக இருந்தால் எதையும் பேசவேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போ.

திருவக்கரைக்கு நாங்கள் போகவில்லை. வண்டியைத் திருப்பினார். ஸ்டார்ட் பண்ணவில்லை. ஏங்க என்றேன். எஞ்சின் ஓடினால்தானே பேட்டரி கொதித்து வழியும் என்ற பயம் என்று எனக்குத் தோன்றியது. என்னை மேலே உட்காரவைத்தபடியே ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். மேட்டில் மூச்சு வாங்கியது, நின்று நின்று தள்ளினார். எதிரே வந்த சைக்கிள்காரர்கள் பெட்ரோல் தீர்ந்துபோச்சா சார் என்று கேட்டார்கள். ஒருவர் இறங்கிக் கை கொடுக்க வந்தார், வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான் முந்தானையை எடுத்து அவர் தலைமேல் நிழல் படுகிற மாதிரி பிடிக்கப் பார்த்தேன், எட்டவில்லை. வீடு வந்ததும் முக்காலி போட்டு என்னை இறக்கிக் கட்டிலில் உட்காரவைத்தார். முகம் கழுவிக்கொண்டு வந்தார். "பசிக்கும் உனக்கு" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனார்.

அம்மா